பெயருள்ள கற்களும் பெயரற்ற புதைகுழிகளும்

சங்ககிரிக் கோட்டையைக் காணச் செல்வோர் மதிலின் உயரத்தை வியப்பர். 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பெற்ற இடம் இதுவென அறிந்ததும் பேச்சற்று நிற்பர். போர்க்களங்களையும் நினைவிடங்களையும் காண்பது பொழுதுபோக்கன்று. வரலாற்றை நேர்நின்று கற்பதாகும். அயல்நாடு செல்லும் நம்மவர்க்கும் இக்கல்வி வாய்க்கின்றது.

சிங்கப்பூர் செல்வோர் பலர் கடைத்தெருக்களோடு திரும்பிவிடுகின்றனர். அந்நகரின் வடபால் கிராஞ்சியில் இரண்டாம் உலகப்போர் நினைவகம் உள்ளது. கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்தம் பெயர்கள் அங்குச் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினரின் பெயர்கள், இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்தவர் என்னும் வேறுபாடின்றிப் படைப்பிரிவு வாரியாக நிற்கின்றன. பெயரைத் தேடிக் காண்பதற்குப் பதிவேடும் உண்டு.

தாய்லாந்தின் காஞ்சனபுரியோ வேறொரு பாடம் புகட்டுகின்றது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். அதில் மாண்ட போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருள் மிகப்பலர். காலரா, பசி, ஓயாத உழைப்பு ஆகியவை அவர்களைக் கொன்றன.

கைதிகளுக்குப் படைப்பட்டியல் இருந்தது; போருக்குப்பின் அவர்தம் உடல்கள் தேடித் தொகுக்கப்பட்டன; கல்லறைகளிற் பெயர்கள் பொறிக்கப்பட்டன. தொழிலாளர்க்கு முறையான பட்டியல் இல்லை. ஆதலால் பெயரும் இல்லை. மலாயாவுக்குக் கங்காணிமார் ஆள்சேர்த்த மாவட்டங்களுள் அந்நாளைய சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல் அதனுள் அடங்கியிருந்தது. பெயரற்ற அக்குழிகளில் நம் ஊரார் இலர் என்று எவரே கூறவல்லார்?

மாண்டோர்க்குக் கல்நடும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து வரை வகுத்துரைத்தது தொல்காப்பியம். அம்மரபு பற்றி, 2023இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்க்கு ஒரு நடுகல் நாட்டப்பெற்றது. கல் நின்றுவிட்டது, பெயர்கள் இன்னும் வரவில்லை.

மாணவ நண்பர்களே! அயல்நாடு செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. ஆயினும் மலாயா சென்று மீளாதவர் பற்றி வீட்டு முதியோரைக் கேட்டு, பெயரையும் ஊரையும் எழுதிவைப்பது எவர்க்கும் இயலும். பெரியோர்களும் நினைவிலுள்ளதை இன்றே கூறிவிடுதல் வேண்டும். நடுகல்லுக்கு நாம் செலுத்தத்தக்க வாழ்த்து அதுவேயன்றோ?