வானத்தில் இடம் பங்கிடுவது எப்படி? துணைக்கோள ஒளிபரப்பும் அதிர்வெண் விதிகளும்



உங்கள் தாமானில் ஒரு சுற்று நடந்து பாருங்க. வீட்டுக்கு வீடு ஆஸ்ட்ரோ டிஷ் இருக்கும். அத்தனையும் ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காரணம், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மீசாட் துணைக்கோளங்கள் நிற்கின்றன. நிற்பது போலத் தெரிவது நமக்குத்தான். பூமி ஒரு சுற்று சுற்றும் அதே நேரத்தில் அவையும் ஒரு சுற்று முடிக்கின்றன. இப்படி ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிய, அந்த ஒரே வளையம்தான் உண்டு. உலக நாடுகள் எல்லாம் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சொல் சிக்கல். நாம் தொலைக்காட்சிச் சேனலையும் ‘அலைவரிசை’ என்கிறோம், ஃபிரீக்குவென்சியையும் ‘அலைவரிசை’ என்கிறோம். கட்டுரை எழுதும்போது இது குழப்பம் தரும். இங்கே ஃபிரீக்குவென்சிக்கு ‘அதிர்வெண்’ என்றே எழுதுகிறேன். மாணவர்களும் அப்படியே பழகிக்கொள்வது நல்லது.

வீட்டு டிஷ்ஷுக்கு வரும் சமிக்ஞை ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வருகிறது. இயற்பியல் மாணவர்கள் உடனே கணக்குப் போடலாம்: ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 2.5 சென்டிமீட்டர். (மழை வந்தா படம் போயிடுதே, அதுக்கும் இந்தச் சிறிய அலைநீளம்தான் காரணம். மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன.) 60 சென்டிமீட்டர் டிஷ் இந்த அலைநீளத்தில் வானத்தைப் பார்க்கும்போது, அதன் ‘பார்வை’ சுமார் 3 பாகை அகலம் இருக்கும். ஊசிமுனை மாதிரி இல்லை. பக்கத்திலேயே இன்னொரு துணைக்கோளம் அதே அதிர்வெண்ணில் ஒலிபரப்பினால், இரண்டும் சேர்ந்து உங்கள் டிஷ்ஷில் விழும். படம் கெட்டுப்போகும்.

சிங்கப்பூருக்குப் பங்குள்ள எஸ்டி-2 துணைக்கோளம் 88 பாகையில் இருக்கிறது. மீசாட்டுக்கும் அதற்கும் இடைவெளி 3.5 பாகை. அந்த வளையத்தில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 736 கிலோமீட்டர். ஆக, இரண்டுக்கும் நடுவே 2,500 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அலைக் கணக்கில் இவை அண்டை வீட்டுக்காரர்கள். யார் எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு சக்தியில், எந்தப் பக்கமாக அனுப்புவது என்று பேசி முடித்துக்கொள்ளாமல் இரு தரப்பும் இயங்க முடியாது.

இந்தப் பேச்சுக்கு விதி வகுப்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1865-இல் பாரிசில் தந்திக்காகத் தொடங்கியது. இன்று ஜெனீவாவில் இயங்கும் ஐநா அமைப்பு. இதன் ‘வானொலி ஒழுங்குவிதிகள்’ நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம். உலக வானொலித் தொடர்பு மாநாடு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி அதைத் திருத்துகிறது. 2023-இல் துபாயில் கூடியது. உலகம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; மலேசியாவும் சிங்கப்பூரும் மூன்றாம் வட்டாரம்.

பங்கிடுவதில் இரண்டு வழி உண்டு. உண்மையான சண்டையே இங்கேதான்.

ஒன்று, முதலில் வந்தவருக்கு முதலிடம். ஒரு நாடு விண்ணப்பம் போடும், பாதிக்கப்படக்கூடிய நாடுகளோடு பேசி ஒத்துப்போகும், பிறகு பதிவாகும். ஏழு ஆண்டுக்குள் அந்த இடத்தில் துணைக்கோளம் இயங்க வேண்டும். இல்லையென்றால் உரிமை போய்விடும். பணமும் ராக்கெட்டும் இருப்பவர்களுக்கு இது வசதி. மற்றவர்கள் தயாராகி வரும்போது நல்ல இடமெல்லாம் போயிருக்குமே! 1976-இல் கொலம்பியா, இந்தோனேசியா உள்ளிட்ட எட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, தங்கள் தலைக்கு மேலே இருக்கும் வளையப் பகுதி தங்களுக்கே சொந்தம் என்று அறிவித்தன. விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று 1967 விண்வெளி ஒப்பந்தம் சொல்வதால், மற்ற நாடுகள் அதை ஏற்கவில்லை. 1980-களின் பிற்பகுதியில் குட்டித் தீவு நாடான டோங்கா வேறு வழி பார்த்தது. சொந்தத் துணைக்கோளமே இல்லாமல் 16 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டது! பெரிய நாடுகள் கொதித்தன. கடைசியில் ஆறு இடங்கள் கிடைத்தன. விதியை மீறாமலே விதியின் ஓட்டையைக் காட்டிய சம்பவம் இது. துணைக்கோளமே இல்லாமல் இடம் பிடித்து வைக்கும் இத்தகைய விண்ணப்பங்களைத்தான் ‘காகிதத் துணைக்கோளம்’ என்று கிண்டல் செய்கிறார்கள்.

இரண்டாவது வழி, முன்கூட்டியே பங்கு பிரித்து வைப்பது. வீட்டு டிஷ்ஷுக்கு நேரடியாக வரும் ஒளிபரப்புக்கென ஒதுக்கிய பகுதியில் (நம் வட்டாரத்தில் 11.7 முதல் 12.2 கிகாஹெர்ட்ஸ் வரை) 1977 ஜெனீவா மாநாடு அப்படித்தான் செய்தது. துணைக்கோளமே இல்லாத நாட்டுக்கும் வளையத்தில் ஓர் இடமும் சில சேனல்களும் எழுதி வைத்தார்கள். 2000-இல் இஸ்தான்புல்லில் அதைத் திருத்தி, மூன்றாம் வட்டார நாடுகளுக்கு 12 அனலாக் சேனல்களுக்குச் சமமான பங்கு தந்தார்கள். எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் பயன்படுத்தாத இடமும் பூட்டியே கிடக்கும் என்ற குறையை மறைக்க முடியாது. வாதக் கட்டுரைக்கு இது அருமையான தலைப்பு. மாணவர்கள் இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கலாம்.

தேர்வில் ஒரு தவறு வராமல் பார்த்துக்கொள்ளுங்க. ஒன்றியம் எந்த நிறுவனத்துக்கும் உரிமம் கொடுப்பதில்லை. விண்ணப்பிப்பது நாடுகள்தான். உள்நாட்டில் அதிர்வெண் உரிமத்தைக் கவனிப்பது மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையம். சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். ஒன்றியத்திடம் போலீசும் கிடையாது. ஒருவர் விதியை மீறினால் கடிதம், பேச்சுவார்த்தை, பிறகு ஒழுங்குவிதி வாரியம், அவ்வளவுதான். அப்படியும் பெரும்பாலான நாடுகள் பணிந்து நடக்கின்றன. அடுத்தவர் சமிக்ஞையைக் கெடுத்தால், அவர் கையிலும் அதே அதிர்வெண்ணில் ஒரு துணைக்கோளம் இருக்கிறதே!