எண்ணத் தெரிந்தவருக்கே வெற்றி

சீட்டுக்கட்டைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். பணம் வைத்தாடிய ஆட்டங்களால் குடும்பங்கள் குலைந்ததைக் கண்டவர்கள் அவர்கள். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும், காசு வையாமலே, மரப்பலகையின் துளைகளில் சிறு முளைகளை நகர்த்திப் புள்ளி குறித்து ஆடத்தக்க ஆட்டம் ஒன்று இங்கிலாந்தில் தோன்றி வழங்கி வருகின்றது. கிரிபேஜ் என்பது அதன் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸர் ஜான் ஸக்ளிங் என்னும் கவிஞர் இதனை உருவாக்கினார் என்பர்.

இருவர் ஆடுங்கால் ஆளுக்கு 6 சீட்டுகள். ஒவ்வொருவரும் இரண்டைக் கவிழ்த்து வைக்க, அந்நான்கும் சேர்ந்து ‘கிரிப்’ ஆகும். அது சீட்டுப் போட்டவருக்கு உரியது. ஆதலின், கிரிப் எதிரியுடையதாயின் அதில் 5-ஐ இடுதல் அறிவீனம். 10, ஜாக்கி, ராணி, ராஜா ஆகிய யாவும் பத்தாகவே மதிக்கப்படும். கட்டில் இத்தகையன 16 உள. எதனோடு கூடினும் 5 பதினைந்தாகிவிடும்.

பின்னர்க் கட்டை வெட்டி ஒரு சீட்டைத் திறப்பர். அது ஜாக்கியாயின் சீட்டுப் போட்டவருக்கு 2 புள்ளிகள். அடுத்து மாறிமாறிச் சீட்டை இட்டுக் கூட்டிச் செல்வர். கூட்டுத்தொகை 31-ஐத் தாண்டலாகாது. சரியாக 15 அல்லது 31 ஆக்கியவருக்கு 2. எவராலும் மேலே இட இயலாதபோது, கடைசியாக இட்டவருக்கு 1. ஜோடி சேர்த்தால் 2, மூன்றாவதும் சேர்ந்தால் 6, நான்காவதும் சேர்ந்தால் 12.

ஆட்டத்தின் சுவை முழுதும் இறுதிக் கணக்கில் இருக்கின்றது. திறந்த சீட்டையும் தம் நான்குடன் சேர்த்து ஒவ்வொருவரும் எண்ணுவர். 15 ஆகும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 2. ஒவ்வொரு ஜோடிக்கும் 2. மூன்றோ அதற்கு மேலோ வரிசையாக வந்தால் சீட்டுக்கு 1. கையிலுள்ள நான்கும் ஒரே இனமாயின் 4, திறந்த சீட்டும் அவ்வினமாயின் 5. திறந்த சீட்டின் இனத்து ஜாக்கி கையிலிருந்தால் 1. கிரிப்பில் மட்டும் ஐந்தும் ஒரே இனமாக இருந்தாலன்றி இனப்புள்ளி இல்லை.

கையில் 7, 7, 8, 8. திறந்த சீட்டு 9 எனக் கொள்வோம். புதியவர் இரு ஜோடிகளையும் ஒரு வரிசையையும் கண்டு 7 என்பார். பழகியவரோ, பதினைந்து நான்கு வகையில் வருவதால் 8, ஜோடிகளுக்கு 4, வரிசை நான்கு வகையில் அமைவதால் 12, ஆக 24 என்பார். ஒரு கையில் வரத்தக்க உச்சம் 29. 19 என்னும் எண்ணிக்கையோ எக்கையிலும் வாராது. ஆதலால் ஒன்றுமில்லாத கையைப் ‘பத்தொன்பது’ என்று வேடிக்கையாகச் சொல்வர்.

முதலில் 121 எட்டியவருக்கு வெற்றி. சீட்டுப் போடாதவரே முன்னர் எண்ணுவாராகலின், இறுதிக் கட்டத்தில் அம்முறையே ஆட்டத்தை முடித்துவிடுவதும் உண்டு.

வகைகளும் பல. பழைய ஐஞ்சீட்டு ஆட்டத்தில் எல்லை 61. சீட்டுப் போடாதவர் தொடக்கத்தில் 3 புள்ளிகள் பெறுவார். மூவர் ஆடினால் ஆளுக்கு 5 சீட்டுகளும் கிரிப்புக்கு ஒன்றும் போட்டு, ஒவ்வொருவரும் ஒன்றை இடுவர். நால்வர் எதிரெதிர்க் கூட்டாளிகளாக ஆடுவதும் உண்டு.

‘மக்கின்ஸ்’ என்னும் விதியே இவற்றுள் கடுமையானது. ஒருவர் எண்ணாமல் விட்ட புள்ளிகளை எதிரி எடுத்துக்கொள்ளலாம். என் மகளுடன் ஆடத் தொடங்கியபோது அவள் விட்டவற்றை நானே எண்ணிக் கொடுத்து வந்தேன். மாதம் ஒன்றாகியும் அவள் தானாக எண்ணக் கற்கவில்லை. ஒருநாள் மக்கின்ஸ் விதியை வைத்து, அவள் விட்ட 4 புள்ளிகளை எடுத்துக்கொண்டேன். அன்றிரவு அவள் உண்ணாமலே படுத்தாள். அவள் தாயாரும் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் வாரம், நான் அவசரத்தில் பத்து என்று சொல்லிச் சீட்டை மடித்தேன். “அப்பா, பன்னிரண்டு! விட்ட இரண்டும் எனக்கு” என்று முளையை நகர்த்தினாள். அவ்விரண்டால் நான் தோற்றேன். அத்தோல்வியைப்போல் எனக்கு இனித்தது பிறிதொன்றில்லை.

பலகை இல்லையே என்று அன்பர்கள் தயங்க வேண்டா. தாளும் பென்சிலும் போதும்; விடுமுறை மாலையில் பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள்.