அளந்ததை அளந்தபடி

மண்டை ஓடுகளை அளப்பது ஒரு பெண்மணி செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். ஐராவதி கார்வே அதைத்தான் செய்தார்!

1905-ல் பர்மாவில் பிறந்ததால், அந்நாட்டு நதியின் பெயரையே பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினார்கள். ஏழாவது வயதில் படிப்புக்காகப் பூனா வந்தார். பின்னர் விதவைகளின் கல்விக்காகப் பாடுபட்ட மகரிஷி கார்வேயின் மருமகளானார். ஆனால் மருமகள் ஜெர்மனி சென்று படிப்பதில் அந்த மாமனாருக்கே சம்மதமில்லை! கணவர் தினகர்தான் பக்கபலமாக நின்றார்.

பெர்லினில் பேராசிரியர் யூஜின் பிஷர் ஒரு கொள்கை வைத்திருந்தார். வெள்ளையரின் மண்டை ஓடு இருபுறமும் ஒத்திராது, அதனால்தான் அவர்கள் புத்தியில் உயர்ந்தவர்கள் என்பது அவர் எண்ணம். அதை நிரூபிக்கும் வேலை நம் ஐராவதிக்கு!

149 ஓடுகளை அளந்தார். இனத்துக்கு இனம் அப்படி ஒரு வித்தியாசமே இல்லை. பட்டம் தர வேண்டியவரோ பிஷர். என்ன செய்வது? அளந்ததை அளந்தபடியே எழுதிவிட்டார். பட்டம் கிடைத்தது; மதிப்பெண்தான் மிகக் குறைவு. பிஷரின் இனக் கொள்கைகளோ பிற்பாடு நாஜிகளுக்குத் துணைபோயின.

1939-லிருந்து பூனா டெக்கான் கல்லூரியில் பணி. ஊர் ஊராகச் சென்று உறவுமுறைகளை ஆராய்ந்து 1953-ல் நூலாக்கினார். வடக்கே மணப்பெண் முன்பின் அறியாத வீட்டுக்குப் போகிறாள்; தெற்கே மாமன் வீடோ அத்தை வீடோ அவளுக்குப் புகுந்த வீடாகிறது என்று அதில் விளக்கினார். நமக்குத் தெரிந்த கதைதான், அல்லவா?

ஸ்கூட்டரில் பூனாவை வலம் வந்த அந்தப் பேராசிரியை 1970-ல் மறைந்தார். இனி யாராவது நிறத்தையும் குலத்தையும் வைத்துப் புத்தியை எடைபோட்டால், அந்த 149 ஓடுகளைச் சற்று ஞாபகப்படுத்துங்கள்!