உங்களுக்குத் தெரியுமா? கொல்கத்தாவின் துர்கா

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். பத்தே வாரத்தில், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் 'துர்கா' பிறந்தாள். இதைச் சாதித்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

லூயிஸுக்காக, இயற்கையாக முதிர்ந்த ஒரே கருமுட்டைதான் எடுக்கப்பட்டது. சுபாஷோ ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்தார். உருவான கருவை உடனே வைக்காமல் உறையவைத்தார். ஊசியின் தாக்கம் தணிந்து, கருப்பை இயல்புக்குத் திரும்பிய வேறொரு மாதச் சுழற்சியில் அதைச் செலுத்தினார். இன்று கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடப்பது இதுதான்! உறைகருவிலிருந்து பிறந்ததாக உலகம் ஏற்றுக்கொண்ட முதல் குழந்தையோ 1984-இல்தான் ஆஸ்திரேலியாவில் பிறந்தது.

ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குச் செல்லவும் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு கண் மருத்துவப் பிரிவுக்கு மாற்றினார்கள். எத்தனை பெரிய அநீதி! 1981 ஜூனில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவாகியிருந்தது. அந்தப் பெருமைக்குரிய விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமாரே 1997-இல் சுபாஷின் குறிப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டு, முதலிடம் அவருக்கே உரியது என்று பகிரங்கமாக அறிவித்தார்.