திரவப் படிக ஒழுங்கும் பலபடியாக்க வேகமும்

திரவப் படிகம் நீர்மம்போல வழியும். ஆனால் அதன் மூலக்கூறுகள் ஓரளவு ஒழுங்கோடு நிற்கும். 1888இல் பிரெட்ரிக் ரைனிட்சர் கொலஸ்டிரில் பென்சோயேட்டைச் சூடாக்கியபோது, 145.5 டிகிரி செல்சியஸில் கலங்கலாக உருகிய அது 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையே திரவப் படிகம். நெமாட்டிக் வகையில் கோல் வடிவ மூலக்கூறுகள், அருப்புக்கோட்டைத் தறியின் பாவு நூல்களைப்போல ஒரே திசையில் நீண்டிருக்கும். ஸ்மெக்டிக் வகையில் அவை அடுக்கடுக்காகவும் அமையும். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதை 1977இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் குழுவினர் கண்டறிந்தனர்.

இத்தகைய ஊடகத்தில் மோனோமர் என்னும் சிறு மூலக்கூறுகளைக் கரைத்து, அவற்றை நீண்ட சங்கிலிகளாக இணைத்துப் பலபடியாக்கினால் வினையின் வேகமே மாறுகிறது. புற ஊதா ஒளி பட்டதும், கலவையில் சேர்த்த தொடக்கிப் பொருள் உடைந்து, எளிதில் வினைபுரியும் தனி உறுப்புகள் பிறக்கின்றன. தனி உறுப்பு ஒவ்வொரு மோனோமராகச் சேர்த்துக்கொண்டு சங்கிலியாக வளர்கிறது. வளரும் இரண்டு முனைகள் சந்தித்தால் இரண்டின் வளர்ச்சியும் முடிந்துவிடும். எனவே மோனோமர் நெருங்கியிருந்தால் வேகம் கூடும். முனைகள் சந்திப்பது அரிதானாலும் வேகம் கூடும். மற்றவை மாறாதிருக்க, இந்த முடிவுறுதலின் வேக மாறிலி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் பலபடியாக்க வேகம் இரு மடங்காகும்.

1990களில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆலன் கைமனும் கிறிஸ்டோபர் போமனும் இதை அளந்தனர். சிறிதளவு கலவையைக் கலோரிமானியில் வைத்து ஒளியூட்டினால், அக்ரிலேட் வகை மோனோமரின் இரட்டைப் பிணைப்புகள் வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படும். நொடிக்கு நொடி வரும் அந்த வெப்பமே வினை வேகத்தின் அளவுகோல். வழக்கமாகக் குளிர்ந்தால் வினை மந்தமாகும். இங்கோ, வெப்பநிலை குறைந்து ஸ்மெக்டிக் ஒழுங்கு வலுத்தபோது வேகம் கூடியது.

காரணம் மோனோமருக்கு மோனோமர் வேறுபடுகிறது. ஹெக்சேன்டையால் டைஅக்ரிலேட் போன்ற வளையும் மோனோமர்கள் ஸ்மெக்டிக் அடுக்குகளின் இடைவெளியில் ஒதுங்குகின்றன. அங்கே அவற்றின் செறிவு உயர்கிறது. திரவப் படிகத் தன்மையுள்ள கோல் வடிவ மோனோமர்களோ அடுக்குக்குள்ளேயே திசை பொருந்தி நிற்கின்றன. அவற்றின் சங்கிலி முனைகள் எளிதில் நகர முடியாததால் முடிவுறுதல் தாமதமாகிறது.

ஒழுங்கு எப்போதும் வேகத்தைக் கூட்டும் என்று கொள்ளக்கூடாது. வினைபுரியும் தொகுதிகள் ஒன்றையொன்று எட்டாத நிலையில் அடுக்கு அமைந்தால் வினை தடைப்படலாம். திரவப் படிகத் திரைகளுக்கான பலபடி வலைகளையும் மெல்லிய ஒளியியல் படலங்களையும் உருவாக்குவோர், எந்த வெப்பநிலையில், எந்த நிலையில் ஒளியூட்டுவது என்பதை இதனாலேயே கவனமாகத் தேர்கின்றனர்: அந்தத் தேர்வு வேகத்தோடு, உருவாகும் பலபடியின் கட்டமைப்பையும் முடிவு செய்கிறது.