‘டாக்டர் ஹூ’ ரசிகர்களின் சண்டை

பி.பி.சி. டெலிவிஷனில் 1963 நவம்பர் 23-ல் துவங்கிய விஞ்ஞானக் கற்பனைத் தொடர் ‘டாக்டர் ஹூ’. போலீஸ் பெட்டி உருவிலுள்ள எந்திரத்தில் காலத்தைக் கடந்து போகும் டாக்டர், சாகும் தறுவாயில் வேறு உருவம் எடுப்பார். நடிகரும் மாறிவிடுவார்! 2018-ல் ஜோடி விட்டேக்கர் என்ற பெண்மணி டாக்டரானதும் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ‘பேஷ்’ என்றது ஒன்று. ‘தொடர் கெட்டது’ என்றது மற்றொன்று. 2020-ல் டாக்டரின் பூர்வ கதையையே மாற்றியபோது பழைய ரசிகர்கள் கொதித்தே போனார்கள்.

கோபிக்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. டேப்பை மறுபடி உபயோகிக்கலாமென்று 1960-களின் பல எபிசோடுகளை பி.பி.சி.யே அழித்துவிட்டது. படம் போனவற்றுக்கும் ஒலி மட்டும் முழுசாக இருக்கிறது. அன்று ரசிகர்கள் வீட்டு டேப்-ரிக்கார்டரில் பிடித்து வைத்தது அது.