மேலே காயணும், கீழே ஈரம் இருக்கணும்

2016 சம்பாவைக் கடைமடை உழவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த வருஷம் செப்டம்பர் 20-ல்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது.

எங்க வயலும் பக்கத்து வயலும் ஒரே வாய்க்கால் பாசனம். ஒரே ரகம். ஒரே வாரத்தில் புழுதியில் நேரடி விதைப்பு. மழை நின்ற எட்டாம் நாள் என் பயிர் மதியத்தில் இலையைச் சுருட்டியது. சாயங்காலம் விரியவே இல்லை. பக்கத்து வயல் இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது, நடுவில் விழுந்த ஒரு தூறலிலும் தேறிக்கொண்டது. கடைசியில் அவருக்கு அறுவடை என்று சொல்ல ஏதோ மிஞ்சியது. என் வயலில் மாடுதான் மேய்ந்தது.

பக்கத்து வயல்காரரிடம் கேட்டேன்: "பெரியப்பா, ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதானே?"

"உன் பயிர் ஆரம்பத்துலேர்ந்தே சொகுசா வளந்துச்சு தம்பி. மம்பட்டிய எடுத்துட்டு வா, வேரைப் பாப்போம்" என்றார்.

தோண்டிப் பார்த்தோம். என் பயிரின் வேர்க்கொத்து ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே முடிந்திருந்தது. அவர் பயிரின் வேர் ஒரு அடியைத் தாண்டிப் போயிருந்தது. பயிர் வறட்சியைத் தாங்குமா, தாங்காதா என்பது தண்ணீர் நின்ற பிறகு முடிவாவதில்லை. முதல் முப்பது நாளில் மண்ணுக்குள் முடிவாகிவிடுகிறது. இதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

வேர் தண்ணீரைத் தேடிப் போகுமா?

"பயிரைக் காயப்போட்டா வேர் தண்ணியைத் தேடிக் கீழே போகும்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இதில் பாதிதான் உண்மை. வேர் நுனி மென்மையானது. முழுக்க உலர்ந்து இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு அதால் போக முடியாது. ஈரம் இருக்கும் மண்ணில்தான் வேர் வளரும். அதனால் மேல்மண் மெல்லக் காய வேண்டும், அதே நேரம் அடிமண்ணில் ஈரம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வேர் கீழே இறங்கும். அடிமண்ணும் வறண்டு கிடக்கும்போது காயப்போட்டால் பயிர் சாகத்தான் செய்யும்.

கோடை உழவின் அருமை இங்கேதான் தெரியும். சித்திரை, வைகாசியில் பெய்யும் மழை வழிந்தோடாமல் அடிமண்ணுக்குள் இறங்கினால், அது பயிருக்குப் போட்டு வைத்த வைப்புநிதி. பயிர் முளைத்த பிறகு அந்த நிதியை எடுக்க வேர் கீழே போக வேண்டும். நாமோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தண்ணீர் காட்டினால், வேர் ஏன் கீழே போகப் போகிறது? சொட்டுநீர் போட்டவர்களும் இதைக் கவனிக்கணும். தினம் கால் மணி நேரம் விடுவதைவிட, மண்ணைப் பொறுத்து இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பது வேருக்கு நல்லது.

வேர் நிறைய இருந்தால் மட்டும் போதாது, அது எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதும் முக்கியம். பிலிப்பைன்ஸ் நாட்டின் மேட்டுநில நெல்லான கினாண்டாங் படோங்கின் வேர் செங்குத்தாக இறங்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, வேர் மேலாகப் படரும் ஐ.ஆர். 64 நெல்லில் சேர்த்துப் பார்த்தார்கள். வேர் ஆழமாக இறங்கியது, வறட்சியிலும் விளைச்சல் நின்றது. இந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. மானாவாரியிலேயே தலைமுறை தலைமுறையாக விதைத்து எடுத்த நம் ரகங்களை வைத்திருப்பவர்கள், கதிரை மட்டும் பார்க்காமல் வேரையும் பார்த்து விதை எடுக்கலாம்.

தழைச்சத்து கூடினால் வேர் சோம்பேறியாகும்

நான் யூரியா போடுகிறவன் இல்லை. ஆனால் அந்த வருஷம் அடியுரமாகக் கோழி எரு கொட்டினேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீன் அமிலம் தெளித்தேன். பயிர் கரும்பச்சையாக நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அந்தப் பச்சையில்தான் ஏமாந்தேன்.

தழைச்சத்து எளிதாகக் கிடைத்தால் பயிர் தன் உணவை இலைக்கும் தூருக்கும் செலவழிக்கும், வேருக்குக் கொடுப்பது குறைந்துவிடும். இலை பெருகினால் நீராவியாக வெளியேறும் தண்ணீரும் பெருகும். பயிர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலை வழியாகக் காற்றில்தான் போகிறது. செலவு பெரியது, வரவுக்கான வேரோ சின்னது. தண்ணீர் இருக்கும்வரை இந்தக் கணக்கு வெளியே தெரியாது.

உரம் சாணத்திலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று வேர் பார்ப்பதில்லை. இயற்கை உழவர் என்பதால் இந்தத் தவறிலிருந்து நமக்கு விலக்கு கிடையாது. பக்கத்து வயல்காரர் செய்தது எளிமையானது. தக்கைப்பூண்டு மடக்கி உழுதார், மக்கிய தொழுவுரம் போட்டார், அதோடு விட்டார். மெல்ல மெல்லக் கிடைக்கும் சத்து அது.

வைக்கோலோடு போகும் சாம்பல் சத்து

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடும் கதவுக்காரன் சாம்பல் சத்து. மண் காயத் தொடங்கியதும் வேரிலிருந்து இலைக்குச் சேதி போகும். உடனே துளைகள் மூட வேண்டும். சாம்பல் சத்து பற்றாத பயிரில் துளைகள் சரியாக மூடாது, இருக்கிற ஈரமும் வீணாகும்.

நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 14 முதல் 20 கிலோ சாம்பல் சத்தும், 40 முதல் 70 கிலோ சிலிக்கானும் உண்டு. சிலிக்கா இலையை விறைப்பாக நிறுத்தி, தோல் வழியாக நீர் கசிவதைக் குறைக்கும். இயந்திரம் அறுத்துப் போட்டதும் கட்டுக் கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றி விடுகிறோமே, அதில் போவது வெறும் தாள் இல்லை. அடுத்த பயிரின் வறட்சித் தாங்கும் சக்தி போகிறது.

கைச்செலவுக்கு வைக்கோல் விற்றுத்தான் ஆகணும் என்கிற நிலை எனக்கும் தெரியும். பாதியையாவது வயலில் விடுவோம். மாட்டுக்குப் போட்டால் எருவோடு கோமியத்தையும் சேர்த்து வயலுக்குக் கொண்டுவருவோம். மாடு தின்ற சாம்பல் சத்து பெரும்பாலும் கோமியத்தில்தான் வெளியேறும். தொழுவத்திலிருந்து அது சாக்கடைக்கு ஓடினால், விற்றதற்குச் சமம்தான். அடுப்புச் சாம்பலும் நல்லது, ஆனால் களர் நிலத்தில் போட வேண்டாம். சாம்பல் காரத்தன்மை உடையது, களரை இன்னும் கூட்டும்.

வேருக்குத் துணை நிற்கும் பூசணம்

மணிச்சத்து மண்ணில் நகர்ந்து வேரிடம் வராது. ஈரம் குறையக் குறைய அதன் நகர்வு இன்னும் குறையும். அதனால் வறட்சியில் பயிருக்குத் தாகம் மட்டுமல்ல, பசியும் சேர்ந்தே வருகிறது. இங்கே உதவுவதுதான் நாம் 'வேம்' என்று சொல்லும் வேர் உட்பூசணம். வேர் நுழைய முடியாத நுண்ணிய இடுக்குகளில்கூட அதன் இழைகள் புகுந்து மணிச்சத்தையும் நீரையும் எடுத்துத் தரும். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் இது குறைவு. புழுதி விதைப்பிலும் மானாவாரியிலும் நன்றாக வளரும். ஓயாத உழவும், பயிரே இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் நிலமும் இதற்கு ஆகாது.

எங்கே காயவிடலாம், எங்கே கூடாது?

நிலக்கடலையில் விதைத்து உயிர்த்தண்ணீர் விட்ட பிறகு, பூக்கும் வரை சற்றுக் காயவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேர் இறங்கும், பூவும் ஒரே சமயத்தில் சேர்ந்து வரும். அதே கடலையில் பூத்து விழுது இறங்கும்போது காயவிட்டால் போச்சு. நெல்லில் கதிர் உருவாகும் நேரமும் பூக்கும் நேரமும் அப்படித்தான். மக்காச்சோளத்தில் ஆண் பூவும் கதிர் நாரும் வரும் சமயம். இளம் வயதில் கண்டிப்பு, பிள்ளைப்பேற்றில் கவனிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தடை உழவுத் தட்டு. ஒரே ஆழத்தில் வருஷக்கணக்காக உழுதால், அரை அடிக்குக் கீழே மண் இறுகித் தட்டாகிவிடும். வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பும். புன்செயில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டலாம். துவரை, ஆமணக்கு போன்ற ஆணிவேர்ப் பயிர்களைச் சுழற்சியில் வைத்தால், அவை விட்டுப்போகும் துளைகளில் அடுத்த பயிரின் வேர் இறங்கும். சேற்றுழவு செய்யும் நஞ்சையில் மட்டும் இந்தத் தட்டை உடைக்க அவசரப்பட வேண்டாம், அதுதான் அங்கே தண்ணீரை நிறுத்துகிறது.

முப்பதாம் நாள் மம்பட்டி

நண்பர்களே, ஒரே ஒரு வேலையை மட்டும் இந்தப் பருவத்தில் செய்யுங்கள். விதைத்த முப்பதாம் நாள், வயலில் மூன்று இடத்தில் ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெள்ளை வேர் நிறைய இருக்கிறதா, பழுத்துக் கறுத்த வேர் கூடுதலா? எத்தனை விரற்கடை ஆழம் போயிருக்கிறது? ஒரே இடத்தில் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா? எதைத் திருத்தணும் என்று அதுவே சொல்லிவிடும்: தண்ணீரை நிறுத்துவதா, வளர்ச்சி ஊக்கியைக் குறைப்பதா, அடுத்த கோடையில் தட்டை உடைப்பதா.

இலையைப் பார்த்துத்தான் இத்தனை நாள் பயிருக்கு மதிப்பெண் போட்டோம். மழை நம் கையில் இல்லை, மேட்டூர் நம் கையில் இல்லை. ஒரு சாண் வேரை ஒன்றரை அடி ஆக்குவது மட்டும் நம் கையில்தான் இருக்கிறது.